மளிகைக்கு எந்தக் கிரெடிட் கார்டு?

பொன்னி அரிசி வாங்கினீர்களா, பிளாஸ்டிக் வாளி வாங்கினீர்களா என்பது கிரெடிட் கார்டுக்குத் தெரியாது. கல்லாவில் கார்டைத் தேய்க்கும்போது வங்கிக்குப் போகும் தகவலில் சாமான் பட்டியல் இருப்பதில்லை. கடையின் பெயர், ஊர், தொகை, நேரம், கூடவே ஒரு நான்கு இலக்க எண் ஆகியவை போகின்றன. ‘மளிகைக்கு 5 சதவீதம் கேஷ்பேக்’ என்று விளம்பரம் செய்யும் கார்டு, நீங்கள் வாங்கியது மளிகையா இல்லையா என்பதை அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. கார்டைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இதற்கு வணிகர் வகைக் குறியீடு என்று பெயர். ஒரு கடைக்கு ஸ்வைப் மிஷின் கொடுக்கும் வங்கி, அந்தக் கடை பெரும்பாலும் எதை விற்கிறது என்று பார்த்து இதை ஒதுக்குகிறது. மளிகைக் கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் 5411. மற்ற சில்லறை உணவுப்பொருள் கடைகளுக்கு 5499. துணி, பாத்திரம், மளிகை எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் பல்பொருள் அங்காடி என்றால் 5311 ஆக இருக்கலாம். பெட்ரோல் பங்க்குக்கு 5541. ஒரே துவரம்பருப்புப் பாக்கெட்டை 5411 கடையில் வாங்கினால் கேஷ்பேக் வரும்; 5311 கடையில் வாங்கினால் வராமல் போகலாம். அதே 5411 கடையில் வாங்கும் வாளிக்கும் துடைப்பத்துக்கும் கேஷ்பேக் வந்துவிடும். அமெரிக்காவில் சூப்பர் மார்க்கெட் செலவுக்குக் கூடுதல் கேஷ்பேக் தரும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுகள் வால்மார்ட், டார்கெட் போன்ற பெருங்கடைகளைச் சூப்பர் மார்க்கெட் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே வண்டி நிறைய காய்கறி வாங்கினாலும் சாதாரண 1 சதவீதம்தான்.

நம் கடைக்கு என்ன குறியீடு என்று கேஷியரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரிந்திருக்காது. சின்னதாக ஏதாவது வாங்கிக் கார்டில் பணம் கட்டிவிட்டு, வங்கியின் செயலியில் அந்தச் செலவு எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, ஸ்டேட்மெண்டில் எத்தனை பாயிண்ட் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி.

வங்கி ஏன் நமக்குப் பணம் தருகிறது? நீங்கள் 1,000 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தால் கடைக்காரர் கைக்கு 1,000 ரூபாய் முழுதாகப் போவதில்லை. ஏறக்குறைய 2 சதவீதம் பிடிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 ரூபாயைக் கடைக்காரரின் வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு, உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி ஆகிய மூவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பெரிய பங்கு உங்கள் வங்கிக்கு. அதிலிருந்து ஒரு துண்டுதான் பாயிண்டாகவும் கேஷ்பேக்காகவும் உங்களிடம் திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 டிசம்பரில் இந்தப் பங்கைக் கிரெடிட் கார்டுகளுக்கு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. அங்கே தாராளமான கேஷ்பேக் கார்டுகள் அரிதாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ஊற்று சிறுத்தால் வாய்க்காலில் எங்கிருந்து தண்ணீர் வரும்?

இப்போது ஒரு கேள்வி எழ வேண்டும். வங்கிக்குக் கிடைப்பதே 2 சதவீதத்துக்குள் என்றால், 5 சதவீதம் எப்படித் தர முடிகிறது? மிச்சம் வேறு இடங்களிலிருந்து வருகிறது. வட்டி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக் கட்டணம் இருக்கிறது. சேர்த்த பாயிண்டைப் பயன்படுத்தாமல் காலாவதியாக விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடையோடு கூட்டுச் சேர்ந்து வெளியிடும் கார்டு என்றால் கடையும் ஒரு பங்கு போடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக உச்சவரம்பு இருக்கிறது: மாதத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் 5 சதவீதம் கிடையாது, அதற்குமேல் ஒன்று அல்லது பூஜ்யம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது சதவீதம். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிப்பது அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வரம்பு.

கேஷ்பேக் ரூபாயில் வருகிறது, குழப்பம் குறைவு. பாயிண்ட் அப்படியல்ல. 150 ரூபாய் செலவுக்கு 2 பாயிண்ட், ஒரு பாயிண்டின் மதிப்பு 25 காசு என்றால், 150 ரூபாய்க்கு 50 காசு கிடைக்கிறது. அதாவது மூன்றில் ஒரு சதவீதம். ‘மளிகைக்கு 5 மடங்கு பாயிண்ட்’ என்று அந்தக் கார்டு சொன்னால், 150 ரூபாய்க்கு 10 பாயிண்ட், அதாவது இரண்டரை ரூபாய். சதவீதக் கணக்கில் 1.67 மட்டுமே. ஐந்து என்ற எண் காதில் விழுந்ததும் மனம் 5 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறது. பாயிண்டைப் பணமாக்க 99 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் வசூலிக்கும் வங்கிகளும் உண்டு. மளிகைச் செலவைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், ஸ்டேட்மெண்டில் நேரடியாகக் கழிக்கப்படும் கேஷ்பேக் கார்டையே வாங்குங்கள். விமானப் பயணத்துக்கு மாற்றும் பாயிண்ட் கார்டுகள் வேறு வகை வாழ்க்கைக்கானவை.

அடுத்து உங்கள் வீட்டுக் கணக்கு. தமிழ்நாட்டுக் குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவு ஒரே கடையில் நடப்பதில்லை. ஆவின் பாலுக்கு மாத அட்டை. காய்கறி உழவர் சந்தையிலோ தள்ளுவண்டியிலோ. மீனும் கறியும் ரொக்கத்தில். ரேஷன் கடையில் வாங்குவது தனி. இவை போக எஞ்சும் பருப்பு, எண்ணெய், மசாலா, சோப்பு, பிஸ்கட் மட்டும்தான் கார்டு தேய்க்கும் கடைக்குப் போகிறது. மாதம் 12,000 ரூபாய் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் வீட்டில் கார்டு வழியே போவது 5,000 ரூபாயாக இருக்கலாம். கடந்த மூன்று மாதப் பில்களை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். கார்டு விற்க வருகிறவர் 12,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டுக் காட்டுவார். நீங்கள் போட வேண்டியது 5,000 ரூபாய்க்கு.

அந்த 5,000 ரூபாய்க்கு 5 சதவீதம் என்றால் மாதம் 250, ஆண்டுக்கு 3,000 ரூபாய். கார்டின் ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, ஆக 1,179 ரூபாய். மிஞ்சுவது 1,821. இதைச் சும்மா இருப்பதோடு ஒப்பிடக்கூடாது. கட்டணமே இல்லாமல், எல்லாச் செலவுக்கும் 1 சதவீதம் தரும் ‘லைஃப்டைம் ஃப்ரீ’ கார்டோடு ஒப்பிட வேண்டும். அது ஆண்டுக்கு 600 ரூபாய் தரும். ஆக, கட்டணக் கார்டினால் கூடுதலாகக் கிடைப்பது ஆண்டுக்கு 1,221 ரூபாய், மாதம் சுமார் 100 ரூபாய். இது வேண்டாத பணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த 100 ரூபாய்க்காகப் புதுக் கார்டு, புதுக் கடன் வரம்பு, இன்னொரு கெடுத் தேதி எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொள்வதா என்பதை எண்ணைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். ஆண்டுச் செலவு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் கார்டுகள் பல உண்டு. அந்த அளவு உங்கள் இயல்பான செலவுக்குள் வந்தால் கணக்கு மாறும். அதை எட்டுவதற்காகவே செலவழித்தால் தள்ளுபடியில் பொருளில்லை.

தெருமுனை அண்ணாச்சி கடையை இந்தக் கணக்கில் தனியாக வைக்க வேண்டும். ‘கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேர்த்துத்தான் சார்’ என்று அங்கே சொல்வார்கள். கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது விதிகளுக்குப் புறம்பானது என்றாலும், சிறு லாபத்தில் ஓடும் கடைக்கு அந்த 2 சதவீதம் உறுத்தும் தொகைதான். அவர் 2 சதவீதம் சேர்த்து வாங்கினால் உங்கள் 1 சதவீதக் கேஷ்பேக் நஷ்டமாகிறது. சேர்க்காமல் வாங்கினால் உங்கள் கேஷ்பேக் அவர் லாபத்திலிருந்து போகிறது. 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. கடன் சொல்லி வாங்கவும், அவசரத்துக்கு இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டவும் நமக்கு இருக்கிற ஒரே கடை அது. அங்கே யு.பி.ஐ.யில் வங்கிக் கணக்கிலிருந்தே கொடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து.

2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. செயலியில் இணைத்துக் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து பணம் கட்டலாம். கடையின் குறி வணிகக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். கடைக்காரர் தன் சொந்தக் கணக்குக் குறியை ஒட்டியிருந்தால் கிரெடிட் கார்டில் செல்லாது. சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரையிலான இத்தகைய செலவுக்குக் கடைக்காரரிடம் கட்டணம் இல்லை. வங்கிக்கும் அதில் வரவு இல்லை. பல கார்டுகள் யு.பி.ஐ. செலவுக்குக் குறைவான பாயிண்ட் தருவதும், தராமலே விடுவதும் இதனால்தான்.

ஆன்லைனில் வாங்குகிற வீடுகளுக்குக் கூட்டுக் கார்டுகள் கவர்ச்சியானவை. அமேசானும் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியும் 2018-லும், டாடா நியூவும் எச்.டி.எஃப்.சி. வங்கியும் 2022-லும் இப்படிச் சேர்ந்து கார்டு வெளியிட்டன. ஏற்கெனவே ஒரே செயலியில்தான் மாதாமாதம் வாங்குகிறீர்கள் என்றால் அதன் கார்டு உங்களுக்குப் பொருந்தும். கார்டு வாங்கியதற்காகச் செயலிக்கு மாறுவது வேறு விஷயம். அதே எண்ணெய், அதே உளுந்து, இரண்டு இடத்திலும் என்ன விலை என்று எழுதிப் பாருங்கள். டெலிவரி, கையாளும் கட்டணம் என்று கடைசியில் சேர்வதையும் கூட்டுங்கள். மொத்தமாக வாங்கும் கடையில் 8 சதவீதம் விலை குறைவு என்றால், 5 சதவீதக் கேஷ்பேக்கும் அதற்கு ஈடாகாது.

கார்டு கையில் இருந்தால் செலவு கூடுமா? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. மேலாண்மை மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டை ஏலத்துக்கு விட்டார்கள். ஒரு பகுதியினர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், மற்றவர்கள் கிரெடிட் கார்டில் கட்டலாம். கார்டுக்காரர்கள் கேட்ட விலை ரொக்கக்காரர்கள் கேட்டதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மளிகைப் பில்லில் இரண்டு மடங்கு ஆகிவிடாது. ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு சாக்லேட் டப்பாவும் ஒரு பழச்சாறும் கூடையில் விழுந்தாலே அந்த மாதத்தின் 250 ரூபாய் போய்விடும்.

வட்டியைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பல கார்டுகளில் வட்டி மாதம் 3.75 சதவீதம் வரை, ஆண்டுக்கு 45 சதவீதம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது. ஸ்டேட்மெண்டில் ‘மினிமம் டியூ’ என்று சிறு தொகை காட்டுவார்கள். அதை மட்டும் கட்டினால் அபராதம் வராது. மீதிக்கு வட்டி வரும். பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் அரிசிக்கும் பருப்புக்கும்கூட வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 10,000 ரூபாய் ஒரு மாதம் பாக்கி நின்றால் வட்டி 375 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 67.50, மொத்தம் 442.50. மேலே பார்த்த வீட்டின் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மாதக் கேஷ்பேக்கை இந்த ஒரு மாதம் விழுங்கிவிடும். முழுத் தொகையையும் கெடுத் தேதிக்குள் கட்ட முடியாத மாதங்கள் உங்கள் வீட்டில் வருவதுண்டு என்றால், உங்களுக்கு ஏற்ற மளிகைக் கார்டு என்று ஒன்று இல்லை. முடியும் என்றால், முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி முதல் நாளே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் வங்கியின் இணையதளத்தில் ‘மிக முக்கியமான விதிமுறைகள்’ என்ற ஆவணத்தைப் படியுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒவ்வொரு கார்டுக்கும் அது இருக்க வேண்டும். வட்டி, கட்டணம் எல்லாம் அங்கே இருக்கும். மாத வரம்பும் கேஷ்பேக் விலக்குகளும் அந்தக் கார்டின் சலுகை விதிகளில் இருக்கும். இவற்றை வங்கிகள் அடிக்கடி மாற்றுகின்றன. இன்று 5 சதவீதம் தருவது அடுத்த ஆண்டு 2 ஆகலாம். அப்படிக் குறைந்து உங்கள் கணக்கு கட்டுப்படியாகாமல் போனால், பாக்கியைத் தீர்த்துவிட்டுக் கார்டை மூடச் சொல்லலாம். ரிசர்வ் வங்கியின் 2022-ம் ஆண்டு விதிப்படி, கோரிக்கை வந்த 7 வேலை நாள்களுக்குள் வங்கி அதை மூட வேண்டும். தவறினால், மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும்.