விரைந்து மறையும் காவல்: ஏலத் தோட்டத்தில் தாவர எண்ணெய்கள்

இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டில் விளையும் ஏலக்காய், அருகிலுள்ள புற்றடி ஸ்பைசஸ் பார்க்கிலும் மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலத்தில் விலை போகிறது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் என்னும் உச்சத்தைத் தொட்ட காய், மூன்றாண்டுகளுக்குள் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. சந்தை விலை விவசாயியின் கையில் இல்லை. ஆனால் மருந்துச் செலவும், காயில் தங்கும் மருந்தின் அளவும் பெருமளவு அவர் கையில்தான் உள்ளன. செயற்கை மருந்துகளுக்கு மாற்றாகப் பேசப்படும் தாவர எண்ணெய்களை அந்தக் கோணத்தில் இங்கே காண்போம்.

மருந்து ஏன் மிகுகிறது?

இலைப்பேன், தண்டு மற்றும் காய்த் துளைப்பான், வேர்ப்புழு ஆகியவை ஏலத்தின் முக்கிய எதிரிகள். மழைக்காலத்தில் அழுகல் நோயும் சேர்ந்துகொள்ளும். இலைப்பேன் இலையுறைகளுக்குள்ளும் பூக்களுக்குள்ளும் ஒளிந்திருந்து பிஞ்சின் தோலைச் சுரண்டுகிறது. சொறி பிடித்த காய்க்கு விலை குறைவு. அந்த அச்சமே அடிக்கடி மருந்து தெளிக்கத் தூண்டுகிறது.

ஏலத்தில் காய் எடுப்பு ஒரே நாளில் முடிவதில்லை. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே இருக்கும். ஆகவே பிஞ்சுக்குத் தெளிக்கும் மருந்து, சில நாளில் பறிக்கவிருக்கும் காயின் மேலும் விழுகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். உலர்த்தும் சூட்டில் சிதையாத மருந்து எச்சம், எடை குறையக் குறையச் செறிவடைகிறது. தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக அனுமதிக்கும் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே. தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் மலையேறி வரும் தொழிலாளர்களின் உடல்நலமும், ஏலப் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நடத்தும் தேனீக்களின் உயிரும் இதே கணக்கில் அடங்கும்.

எண்ணெய் எவ்வாறு வேலை செய்கிறது?

எண்ணெய்களில் இருவகை உண்டு. வேப்பெண்ணெய் விதையை ஆட்டி எடுக்கப்படுவது, எளிதில் ஆவியாகாது. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் உணவு வேட்கையையும் வளர்ச்சியையும் தடுக்கிறது. எலுமிச்சைப்புல், கிராம்பு, யூகலிப்டஸ் போன்றவற்றை நீராவியில் வடித்தெடுக்கும் எண்ணெய்களோ காற்றில் கலந்துவிடுபவை. எலுமிச்சைப்புல்லின் சிட்ரால், கிராம்பின் யூஜினால் ஆகியவை பூசணத்தின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கின்றன. யூஜினால், பூச்சிகளின் நரம்புகளில் முக்கியப் பணியாற்றும் ஆக்டோபமைன் என்னும் வேதிப்பொருளின் இயக்கத்தையும் குலைக்கிறது.

ஏலத்திலேயே சினியோல் என்னும் மணப்பொருள் நிறைந்திருக்கும்போது பூச்சி ஏன் வருகிறது என்ற கேள்வி எழலாம். மண எண்ணெயின் பெரும்பங்கு விதைக்குள் இருக்கிறது. இலைப்பேன் சுரண்டுவதோ தோலை. எண்ணெய் இருந்தால் மட்டும் போதாது. பூச்சி இருக்கும் இடத்தில், அது இருக்கும் நேரத்தில் இருக்க வேண்டும்.

இந்த எண்ணெய்களின் பெரிய குறையும் அதுவே. மூடிய ஆய்வகக் கிண்ணத்தில் பூசணத்தை அடக்கும் எண்ணெய், மலைத்தோட்டத்தின் காற்றிலும் வெயிலிலும் மழையிலும் வெகுநேரம் நிற்காது. அளவு மிகுந்தால் இளந்தளிர் கருகும். எனினும், விரைந்து மறையும் அந்தக் குணமே அறுவடைக்கு முன் அதன் பலமாகிறது: காயில் தங்கும் எச்சம் குறைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் கிராம்பு, எலுமிச்சைப்புல் உள்ளிட்ட சில எண்ணெய்களைக் குறைந்த ஆபத்துள்ளவை எனக் கருதி, நிபந்தனைகளோடு பதிவிலிருந்து விலக்களித்தது.

தோட்டத்தில் செய்யத்தக்கவை

ஆகவே எண்ணெயை எல்லா மருந்துக்கும் ஈடாகக் கொள்ளாமல், காய் எடுப்பை ஒட்டிய தெளிப்புகளில் நச்சு மருந்தைக் குறைக்கும் துணையாகக் கொள்வதே தக்கது. முதலில் கவாத்து எடுத்துக் காய்ந்த இலையுறைகளை நீக்கினால் இலைப்பேனின் மறைவிடம் குறையும். வடிகாலும் நிழலும் சீரானால் அழுகல் தணியும். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூசணமும் அதற்குத் துணை நிற்கும். புதிய தெளிப்பைச் சில செடிகளில் மட்டும் சோதித்து, ஒரு வாரம் பார்த்த பிறகே தோட்டம் முழுவதற்கும் விரிவுபடுத்த வேண்டும். 'இயற்கை' என்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது; தேனீக்கள் பூவை விட்டு அகன்ற பிற்பகலில், கையுறையும் முகக்கவசமும் அணிந்தே தெளிக்க வேண்டும்.

1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பூச்சிமருந்தாக விற்கப்படும் பொருளுக்குப் பதிவு தேவை. வேம்பு சார்ந்த அசாடிராக்டின் மருந்துகள் அவ்வாறு பதிவு பெற்றவை. பதிவு எண்ணும் உட்பொருள் விவரமும் இல்லாத 'மூலிகை' புட்டியில் செயற்கை நஞ்சு கலந்திருந்தாலும் வாங்குபவருக்குத் தெரியாது. எச்சச் சோதனையில்தான் தெரியவரும். ஐயமிருப்பின் மயிலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தையோ, பாம்பாடும்பாறையிலுள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.

பயிர்க்கடன் பெறும் வாடிக்கையாளர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்று. தெளித்த நாள், மருந்து, அளவு, செலவு, அடுத்த காய் எடுப்பு நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தேவையற்ற தெளிப்பு எது என்பதை அந்த நோட்டே காட்டும். விலை உயரும் ஆண்டில் அது இலாபத்தைக் கூட்டும். விலை வீழும் ஆண்டில் கடன் சுமையைக் குறைக்கும்.