எரெபஸ் எரிமலைப் பாறைகளில் மிகை ஆர்கான்: காலக்கணிப்பு நோக்கில் ஒரு விளக்கம்

அண்டார்க்டிகாவின் ரோஸ் தீவிலுள்ள எரெபஸ் எரிமலை 1984ஆம் ஆண்டு வெடித்தபோது, பாறைக்குழம்புத் துண்டுகளை முகட்டுப் பள்ளத்தின் விளிம்பில் வீசியது. உருவான காலம் ஐயமின்றி அறியப்பட்ட பாறைகள் அவை. ஆயினும் அவற்றிலிருந்த அனார்த்தோகிளேஸ் படிகங்களை ஆர்கான் முறையில் அளந்தபோது, சில மாதிரிகள் 6 இலட்சம் ஆண்டு அகவையைக் காட்டின. இப்பிழையின் காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

பொட்டாசியம்-40இன் அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டுகள். அது சிதையும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆர்கான்-40 ஆகிறது. உருகிய குழம்பிலிருந்து ஆர்கான் முற்றிலும் வெளியேறிவிடும். படிகம் இறுகிய பின்னரே அது மீண்டும் சேரும் என்பது இம்முறையின் அடிப்படைக் கருதுகோள். இன்றைய நடைமுறையில் மாதிரியை அணு உலையில் நியூட்ரான்களுக்கு உட்படுத்தி, பொட்டாசியம்-39இன் ஒரு பகுதியை ஆர்கான்-39 ஆக மாற்றுவர். இதனால் தாய்த் தனிமத்தின் அளவையும் சேய்த் தனிமத்தின் அளவையும் ஒரே வாயு மாதிரியிலிருந்து பெறலாம். காற்றிலிருந்து புகுந்த ஆர்கானை, ஆர்கான்-36இன் அளவைக் கொண்டு கழிப்பர்.

இக்கழித்தல் காற்றுக்கு மட்டுமே பொருந்தும் என்பதில்தான் சிக்கல் உள்ளது. எரெபஸின் படிகங்கள் பல செண்டிமீட்டர் நீளம் வளர்பவை. வளரும்போதே குழம்புத் துளிகளைத் தம்முள் அடைத்துக்கொள்கின்றன. ஆழத்தில் கரைந்திருந்த ஆர்கான் அத்துளிகளில் சிறைப்படுகிறது. அதனையும் சிதைவின் விளைவாகவே கணக்கு ஏற்கிறது. துளிகள் மிகுந்த மாதிரியே மிகுந்த அகவையைத் தந்தது. படிகங்களை நுண்ணிதாக உடைத்து, கண்ணாடியாய் உறைந்த துளிகளை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் நீக்கியபோது, தோற்ற அகவை சுமார் 50,000 ஆண்டுகளாகக் குறைந்தது. அப்போதும் சுழியம் கிட்டவில்லை.

ஏறத்தாழ 18 கோடி ஆண்டுப் பழமையுடைய ஃபெரார் டோலரைட் பாறைகளில் இவ்வளவு பிழை பொருட்டன்று. எரெபஸின் முழு வரலாறோ சுமார் 13 இலட்சம் ஆண்டுகளே. அதில் 6 இலட்சம் என்பது ஏறக்குறையப் பாதி. சமகாலக் கோட்டு வரைபடம் இதற்கு ஓரளவு துணைபுரியும். எனினும், சிறைப்பட்ட ஆர்கான் ஒரே விகிதத்தில் அமைந்திருந்தால் மட்டுமே அக்கோடு நம்பகமானது. எனவே படிகத் தூய்மையாக்க விவரம் தரப்படாத பழைய அகவைகளை, உச்ச வரம்புகளாக மட்டுமே எடுத்தாளுதல் தகும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.