கிட்னியை எடுக்கக் கையெழுத்துப் போடும் முன்

சிறுநீரில் ரத்தம் போனால் நம் வீடுகளில் முதலில் சொல்வது 'உடம்புச் சூடு'. இளநீரும் மோரும் குடிப்போம். இரண்டு நாளில் ரத்தம் தானாக நின்றும்விடும். வலியே இல்லாமல் வந்து நின்றுபோகும் இந்த ரத்தத்தைத்தான் அலட்சியப்படுத்தக் கூடாது. சிலருக்கு மண்புழு போல நீளமான ரத்தக்கட்டி வெளியேறும். கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்க்குள் உறைந்த ரத்தம் அது.

அந்தக் குழாயிலும், கிட்னிக்குள் சிறுநீர் சேரும் குழியிலும் வரும் புற்றுநோய் அரிது. சிறுநீர்ப் பாதையின் உள்படலத்தில் தோன்றும் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான். புகைபிடிப்பது முக்கியக் காரணம். ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் இன்னொன்று. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மருந்தில் இதே இனச் செடி தவறுதலாகக் கலந்து, பல பெண்களின் கிட்னி பழுதானது. பின்னர் சிலருக்கு இந்தப் புற்றுநோயும் வந்தது. மூலிகைப் பொடி யார் கொடுத்தாலும் அதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

பயாப்சியில் 'ஹை கிரேடு', அதாவது வீரியமான வகை என்று வந்தால் வழக்கமான சிகிச்சை, அந்தப் பக்கக் கிட்னியையும், குழாய் முழுவதையும், அது சிறுநீர்ப்பையில் சேரும் இடத்தைச் சுற்றியுள்ள சிறு பகுதியையும் சேர்த்து எடுப்பது. சாதாரணக் கிட்னிப் புற்றுநோயில் குழாயின் கீழ்ப்பகுதியை விட்டுவிடலாம். இதில் விட்டால், மிஞ்சிய துண்டில் நோய் மீண்டும் முளைக்கலாம். வயிற்றைத் திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா என்றுதான் குடும்பத்தார் விசாரிக்கிறார்கள். "குழாயைக் கீழ் நுனிவரை எடுப்பீர்களா, டாக்டர்?" என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அறுவைக்குப் பின் சிறுநீர்ப்பைக்குள் ஒருமுறை கீமோ மருந்து விட்டால் அங்கே நோய் திரும்பும் வாய்ப்பு குறையும், அதையும் கேளுங்கள். ஒரு கிட்னி போனபின் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்தை உடல் தாங்காமல் போகலாம். ஆகவே கீமோ எப்போது என்பதை அறுவைக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

எல்லோருக்கும் கிட்னியை எடுக்க வேண்டியதில்லை. ஒரே கட்டி, 2 செ.மீ.க்குள், 'லோ கிரேடு', ஸ்கேனில் சுவரை ஊடுருவிய அடையாளமும் இல்லை என்றால், சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய கருவியை ஏற்றி லேசரால் எரித்துவிடலாம். கட்டி குழாயின் கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சிறுநீர்ப்பையோடு இணைக்கலாம். இருப்பதே ஒரு கிட்னி என்பவருக்கு இது டயாலிசிஸிலிருந்து தப்பும் வழி. ஆனால் பிறகு அடிக்கடி கருவி விட்டுப் பார்க்க வர வேண்டும். வர முடியாதவர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குச் செல்லாது. உயிரைக் காக்கும் அவசரம் தவிர, தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும், மாற்று வழிகளையும் ஆபத்துகளையும் விளக்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமை. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். ஸ்கேன் சிடியையும் பயாப்சி ஸ்லைடையும் மறக்காமல் வாங்குங்கள்; ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

செலவுக்கு, தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு போகலாம். சிகிச்சையில் அலட்சியம் நடந்ததாகத் தோன்றினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடும் கேட்கலாம். அதற்குக் கெடு 2 ஆண்டு.