கடல்நீர்த் தொட்டியைப் பெரிதாக்குதல்

கடல்கடந்து வணிகஞ்செய்தோர் ஊரெனினும் நெற்குப்பையிற் கடலில்லை. சென்னைக் கடற்கரையில் 1909-இல் திறந்த மீன்காட்சிச்சாலைக்கு அலையே அண்டையில் இருந்தது. இங்கோ உப்பைக் கரைத்தே கடலை ஆக்கல் வேண்டும். ஆதலின் சிறுதொட்டியே எளிதென்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மறுதலையாம்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. வெப்பத்தால் நீரே ஆவியாகும், உப்பு எஞ்சும். 100 லிட்டரில் 10 லிட்டர் வற்றின் அவ்வளவு 39 கிராமாகும். 300 லிட்டரில் அத்துணையே வற்றின் 36 கிராமேயாம். வற்றியதற்கு ஈடாக நன்னீரே வார்த்தல் வேண்டும். அந்நீரைச் செம்பு, பித்தளை அண்டாக்களில் வைத்தலாகாது. சிறிதளவு செம்பும் கடலிறாலைக் கொல்லும்.

நிற்க. மீன்கழிவில் எழும் அம்மோனியா நஞ்சாம். கற்களிற் குடிகொண்ட நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆகவே பெருந்தொட்டிக்கு மாறுங்கால் பழங்கற்களை உலரவிடாது, குழாய்நீரிற் கழுவாது அவ்வாறே இடுக. அழகுக்கெனத் தேய்த்துக் கழுவுவோர் மீனின் காவலரையே கொன்றவராவர். 300 லிட்டர் நீர் 300 கிலோவினும் மிகுமாதலின், பலகையின் வன்மையையும் முன்னரே ஆராய்க.

பெருந்தொட்டி பெருமைக்கன்று, நம் பிழைகளை வாயில்லா உயிர்கள் தாங்கிப் பிழைத்தற்கேயாம்.