மையப்படுத்தலும் பொறுப்புக்கூறலும்: வேர்ஜீனியாவின் அனுபவம்

அரசாங்கக் கணினிச் சேவைகளை ஒரே கூரையின் கீழ்க் கொணர்தல் நிர்வாக வசதி பற்றிய பிரச்சினை மட்டுமன்று. அதிகாரம் எவரிடம் குவிகின்றது, அவர் எவருக்குப் பொறுப்புக் கூறுகின்றார் என்னும் வினாவும் அதனுள் அடங்கும். ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநில அனுபவத்தைக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

முன்னர் அங்கு ஒவ்வொரு திணைக்களமும் தனக்கெனக் கணினிகளையும் ஊழியரையும் வைத்திருந்தது. ஒரே வேலைக்குப் பலமுறை செலவு செய்யப்பட்டது. இந்நிலையை மாற்றவே 2003இல் இயற்றப்பட்ட சட்டம் வேர்ஜீனியாத் தகவல் தொழில்நுட்ப முகவரகத்தைத் தோற்றுவித்தது. அம்மாநில ஆளுநர் தொடர்ந்து இரு தவணைகள் பதவி வகிக்க முடியாது. ஆகவே, முகவரகத்தின் தலைமை அலுவலரை நியமிக்கும் அதிகாரம் ஆளுநரிடமன்றி ஒரு சுதந்திர சபையிடம் அளிக்கப்பட்டது. நீண்டகாலத் திட்டங்கள் ஆட்சி மாற்றத்தால் சிதையலாகாது என்பதே இதன் நியாயமாகும்.

ஆயினும், பழைய சாதனங்களைப் புதுப்பிக்கப் பெருமூலதனம் வேண்டியிருந்தது. அரசு தனியார்துறையை நாடியது. 2005இல் நோர்த்ரொப் கிரம்மன் நிறுவனத்துடன் பத்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாகியது; அதன் பெறுமதி ஏறத்தாழ 200 கோடி டொலர். மையப்படுத்தப்பட்ட சேவை இவ்வாறு ஒரே நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

2010 ஓகஸ்டில் தரவுச் சேமிப்புத் தொகுதியொன்று பழுதடைந்தபோது, 26 அரச நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. சாரதி அனுமதிப்பத்திரம் பெறச் சென்ற மக்கள் பல நாட்கள் வெறுங்கையுடன் திரும்பினர். தனித்தனியே இயங்கிய காலத்தில் ஒரு திணைக்களத்தோடு நின்றிருக்கக்கூடிய பழுது, இப்போது பலவற்றையும் ஒருங்கே முடக்கியது.

அதே ஆண்டில் சட்டமன்றம் சுதந்திர சபையை நீக்கி, தலைமை அலுவலரை ஆளுநரின் நியமனத்துக்கு உட்படுத்தியது. எவரும் நேரடியாகப் பொறுப்பேற்காத சுதந்திரம் பயன் தராது என்பதை அது காலந்தாழ்த்தியே உணர்ந்தது எனலாம். 2017இல் அரசும் நிறுவனமும் ஒன்றன்மீதொன்று வழக்குத் தொடுத்தன. 2018இல் உறவு முறிந்தது. பின்னர் சேவைகள் பல வழங்குநரிடையே பகிரப்பட்டன.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? மையப்படுத்தல் வேறு, ஏகபோகம் வேறு. முன்னையது வீண்செலவைக் குறைக்கலாம். பின்னையது அரசின் பேரம்பேசும் வலுவையே பறித்துவிடும். இவ்விரண்டையும் பிரித்தறியாத சட்டம், மக்களின் பதிவேடுகளை மக்களுக்குப் பொறுப்புக் கூறாதாரிடம் ஒப்படைத்துவிடும்.