படகில் ஏறுமுன் ஒரு நிமிஷம்!

‘லீவு விட்டாச்சு. இந்தத் தடவை அந்தமான்தான்!’ என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டீர்களா? சந்தோஷம்! ஆனால் விமானம் ஸ்ரீவிஜயபுரத்தில் (2024 வரை போர்ட்பிளேர்) இறங்கியதோடு பயணம் முடிந்துவிடாது. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகக் கடலைத் தாண்டியாக வேண்டும். 2018-ல் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர் மாறியவை இவைதான். ஹேவ்லாக்கிலிருந்து எலிஃபென்ட் பீச் போக, கூரைகூட சரியாக இல்லாத சின்ன மோட்டார் படகு. மெரினாவில் கால் நனைத்ததோடு சரி என்கிற குடும்பத்துக்கு இதெல்லாம் புது அனுபவம்.

முதலில் தேதி. நமக்கு லீவு என்றாலே மே மாதம்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வரும் முன்பே, மே மாதத்தின் பிற்பாதியிலேயே அந்தமானை எட்டிவிடும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் சாது. மே மாதம்தான் முடியும் என்றால் ஆரம்பத்திலேயே போய்வந்துவிடுங்கள். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று வானிலை மையம் சொன்னால், அது உங்களுக்கும் சேர்த்துத்தான்! காற்று பலத்தால் கப்பல்கள் ரத்தாவது அங்கே சகஜம். அதனால் தீவிலிருந்து திரும்பும் நாளுக்கும் விமான நாளுக்கும் நடுவே ஒரு நாளாவது சும்மா விட்டுவையுங்கள். ஃப்ளைட்டைப் பிடிக்கும் அவசரத்தில்தான், ஏறக்கூடாத படகில் ஏறச் சொல்லும் மனசு!

அடுத்து, எல்லோரும் பயப்படுகிற வாந்தி. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம், ஆடுகிறோம்’ என்று மூளைக்குச் சொல்கிறது. செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணோ, ‘எல்லாம் அசையாமத்தானே இருக்கு’ என்கிறது. இந்தச் சண்டையில் மாட்டிக்கொள்வது வயிறு! 2 வயதுக்குக் கீழே இது அபூர்வம். அதற்கு மேல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், மைக்ரேன் தலைவலிக்காரர்கள் அதிகம் அவஸ்தைப்படுவார்கள்.

அவோமின் மாதிரியான மாத்திரையை டாக்டரைக் கேட்டு, கப்பல் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். குமட்ட ஆரம்பித்தபிறகு விழுங்கினால், அது வேலை செய்வதற்குள் வெளியே வந்துவிடும். இதைப் போட்டால் தூக்கம் வரும். தீவில் இறங்கியதும் வாடகை ஸ்கூட்டர் எடுத்துச் சுற்றும் எண்ணமிருந்தால், அன்றைக்கு வேண்டாம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இது கூடவே கூடாது. கர்ப்பிணிகள், கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள், பிராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலாவும் ஆகாது. இரண்டு இட்லி போதும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. கடலும் வானமும் தொடுகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணும் காதும் சமாதானமாகிவிடும்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இன்னொரு விஷயம். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, சாப்பிட்ட டிபனை வாந்தியெடுத்துவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். அன்றைய டோஸ் பற்றி ஊரிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள். குளுக்கோஸும் மாத்திரைகளும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியோடு போட்டுவிட்டால் நடுக்கடலில் எடுக்க முடியாது.

சரி, சின்னப் படகுக்கு வருவோம். ‘முன்னால உட்கார்ந்தாத்தான் ஜாலி’ என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். அலை மேல் ஏறி விழும்போது அதிகமாகத் தூக்கிப் போடுவது அந்த முன்பக்கம்தான். அந்த அடி நேராக முதுகெலும்பில் இறங்குகிறது. வேகப் படகில் முன்னால் உட்கார்ந்து, முதுகெலும்புக் கட்டை நசுங்கியவர்கள் வெளிநாடுகளில் உண்டு. எலும்பு தேயும் வயதிலுள்ள அம்மா, மாமியார் பின்பக்கமாக உட்காரட்டும். கர்ப்பிணியும் முதுகில் ஆபரேஷன் ஆனவர்களும் இந்தப் படகைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

இனி, கட்டாயம் கவனிக்க வேண்டியது லைஃப் ஜாக்கெட். 2014 ஜனவரி 26 அன்று இதே அந்தமானில் ‘அக்வா மெரின்’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். பலர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து போனவர்கள். சுமார் 25 பேர் ஏற வேண்டிய படகில் 40-க்கும் அதிகமானோர். ஆகவே ஏறும் முன் இரண்டு எண்ணிக்கை பாருங்கள்: படகில் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கிறது, எத்தனை தலைகள் ஏறியிருக்கின்றன? கணக்கு இடித்தால், ‘அடுத்த படகுல வர்றோம்’ என்று சொல்லிவிட்டுக் கரையிலேயே நில்லுங்கள். கூச்சமே வேண்டாம். படகுக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்!

திறந்த படகில் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, எல்லா பட்டைகளையும் இறுக்கிவிட வேண்டும். மாட்டியபின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மோவாயைத் தாண்டி ஏறினால் லூஸ் என்று அர்த்தம். தண்ணீரில் ஆள் நழுவிக் கீழே போய்விடலாம். குழந்தைக்குக் குழந்தை சைஸ்தான். பெரியவர்களுடையதைக் கட்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். கால்களுக்கு நடுவே மாட்டுகிற பட்டையும் இருந்தால் நல்லது. பெண்களுக்கு அன்றைக்குப் புடவையைவிட சல்வார் மேல். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொள்ளும். மூடிய பெரிய கப்பலில் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, வெளியேறும் வழி எது என்று பார்த்துவைத்தால் போதும்; ஊழியர்கள் சொல்லும்போது மாட்டுங்கள்.

டால்பின் தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். 2009 செப்டம்பரில் தேக்கடி ஏரிப் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் போனார்கள். தப்பித்தவறித் தண்ணீரில் விழுந்தால், கரையை நோக்கி நீந்தாமல் மிதக்கிற படகையே பிடித்துக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. உங்கள் போனில் மட்டுமல்ல, பிள்ளைகள் போனிலும் பதிந்துவையுங்கள்.

ஊருக்குத் திரும்பியபிறகு, பாத்ரூமில் நிற்கும்போது தரை மெல்ல ஆடுவதுபோல இருக்கும். பயப்படாதீர்கள். ஓரிரு நாளில் தானாகவே சரியாகிவிடும். ஒரு வாரம் தாண்டியும் ஆடினால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.