பெரியம்மை நாட்களில் யோசேப் வாஸ்

1697இல் கண்டி இராச்சியத்தின் தலைநகரான கண்டியைப் பெரியம்மை தாக்கியது. தொற்றுக்குப் பயந்து, நோயாளிகளைச் சொந்தக் குடும்பத்தாரே கைவிட்டார்கள்.

அவர்களைத் தேடிப் போனவர், கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த 1687இல், மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்து அவரைச் சிறையில் அடைத்தார்கள்.

அதே நகரத்தின் நோயாளிகளுக்குத்தான் அவர் பணிசெய்தார். உறவினரான குரு யோசேப் கர்வாலியோவும் துணைநின்றார். இருவரும் உணவூட்டினார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை.

மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் மதிப்பையும் அந்தச் சேவை பெற்றது.

1711இல் கண்டியில் காலமான யோசேப் வாஸை, 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போன அவரைப் போற்றும் கிறிஸ்தவர்கள், அயலவரைக் குறைசொல்லத் தோன்றும்போது, முதலில் அந்த அயலவர் வீட்டுக்குப் போய் என்ன உதவி வேண்டும் என்று கேட்க வேண்டும்.